விநாடிக்கு எட்டு அடி

எங்கள் கடைக்கு வருகிற கைக்கடிகாரங்களில் பத்துக்கு ஏழு நகல். இதை நான் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டால் என் வீட்டுக்காரிக்குக் கோபம் வந்துவிடும். "மணி சரியாக் காட்டுதா, இல்லையா? அதைப் பாருங்க. மேல என்ன பேரு எழுதியிருக்குங்கறது அவங்கவங்க பாடு" என்பாள்.

பழுது பார்ப்பது அவள்தான். நான் முன்னால் கவுண்டரில் நின்று பட்டை மாற்றுவேன், பேட்டரி போடுவேன், வாய் ஓயாமல் பேசுவேன். அதற்கு முன் இருபது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அச்சகம் மூடிய மறுநாளே அவள் என்னைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய மேஜை. ஒற்றைக் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சாமணம் என்கிற பொடி இடுக்கியால் மெஷினைப் பிரித்துப் போட்டிருப்பாள். மெஷின் என்றால் வாட்சுக்குள்ளே ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் சேர்ந்து ஓடுகிற அந்த முழு உறுப்பு. டயல் எவ்வளவு பளபளத்தாலும் உயிர் அதில்தான் இருக்கிறது.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. வாட்சின் சொந்தக்காரர் நேருக்கு நேர் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவாள். கேட்காவிட்டால் மூச்சு விடமாட்டாள். முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை.

போன வருடம் எனக்கும் ஆசை வந்தது. கடலில் முக்குளிக்கிறவர்கள் கட்டுவது போன்ற கனத்த வாட்ச் ஒன்று வாங்கினேன். டயலில் பெரிய பெயர், நகல்தான். நான் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை என்பது வேறு விஷயம். நாலே மாதத்தில் கையை ஆட்டினால் உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. அவளிடம் கொடுத்தேன். பின்மூடியைத் திறந்தவள் என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். கையசைவில் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கேற்றும் அரைவட்டத் தகடு, மூடியில் உரசி உரசி வெள்ளித்தூளாகக் கொட்டியிருந்தது. ஒரு மூலையில் எண்ணெய் குளம் கட்டி நின்றது. எண்ணெய் வேண்டிய இடத்தில் ஒரு பொட்டும் இல்லை.

"தொடைச்சுப் போட்டா ஓடாதா?"

"ஓடும். எத்தனை நாளைக்குன்னு அதுக்கே தெரியாது. மெஷினையே மாத்திடலாம்."

மெஷின் மாற்றுவதை நான் பேட்டரி மாற்றுவது போல நினைத்திருந்தேன். அப்படியில்லை. டயலின் முதுகில் இரண்டு பொடிக் கால்கள் இருக்கும். அவை புது மெஷினின் துளைகளில் சரியாக இறங்க வேண்டும். முள்களின் துளை மெஷினின் தண்டுகளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். தேதி ஜன்னலுக்கு நேரே தேதி வந்து நிற்க வேண்டும். எட்டில் முக்காலும் ஒன்பதில் காலுமாகத் தெரியக் கூடாது. சாவி கொடுக்கும் குமிழின் தண்டு பக்கவாட்டு ஓட்டைக்கு நேராக வர வேண்டும். ஒரு மயிரிழை மேலே போனாலும் குமிழ் திருகாது. இத்தனையும் பார்த்துவிட்டு, இழுப்பறையிலிருந்து இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தாள்.

"இது விநாடிக்கு ஆறு தடவை டிக்குன்னு அடிக்கும். ஆறு அடி. முரட்டுப் பிள்ளை. கீழ போட்டாலும் எழுந்து ஓடும். அது எட்டு அடி. விநாடி முள்ளு வழுக்கிட்டுப் போற மாதிரி அழகா இருக்கும். ஆனா செல்லம் கொடுக்கணும். நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் பிரிச்சுக் கழுவணும்."

"எட்டு!" என்றேன் சட்டென்று.

அவள் ஆறைப் போட்டாள். "நீங்க பேசறதுல பாதி கையாலதான் பேசறீங்க. இதுதான் தாங்கும்."

அந்த ஆறுதான் என் மானத்தை வாங்கியது.

எங்கள் ஊரில் கடிகாரப் பிரியர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் கூடுவோம். விற்காத சோபாக்களில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு, கொண்டுவந்த வாட்சுகளைக் கைமாற்றிப் பார்ப்போம். சங்கத்துக்குத் தலைவர் ஒரு சிமென்ட் கம்பெனியில் கொள்முதல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 'காது' என்று பெயர். வாட்சைக் காதருகே வைத்து, கண்ணை மூடி, நாலு விநாடி கேட்பார். அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். அவர் கையில் இருந்ததோ வெள்ளை டயல் போட்ட, பெரிய பெயருள்ள வாட்ச். அவர் ஓய்வு பெற்ற நாளில் முதலாளியே மேடையேறித் தன் கையால் கட்டிவிட்டது. அந்தக் கதையை ஒவ்வொரு புது உறுப்பினரும் ஒருமுறையும் பழைய உறுப்பினர்கள் ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

என் முக்குளிப்பு வாட்சை அசல் என்று நான் சொல்லவில்லை. "ஒரு நண்பர் வெளிநாட்டுலேர்ந்து வந்தப்போ..." என்று இழுத்து விட்டுவிட்டேன். காது வாங்கிக் கேட்டார்.

"ஆறு" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "அசல்னா எட்டு அடிக்கணும். உங்க நண்பர் வெளிநாட்டுலேர்ந்து வரல. பக்கத்துத் தெருவிலேர்ந்து வந்திருக்காரு."

சோபாக்கள் குலுங்கின. நான் வாட்சைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தேநீரை வாய் சுடச் சுடக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நடந்ததைச் சொன்னதும் என் வீட்டுக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரி, நல்லாச் சிரி. எட்டு அடிக்கிறதைக் கேக்கணும்னா அவர் வாட்சைக் கேக்கணுமாம். அதுதான் அசலோட சத்தமாம்."

அவள் சிரிப்பு பட்டென்று நின்றது. "அப்படியா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதில் ஏதோ இருக்கிறது என்று புரிந்துகொள்ள இத்தனை வருடத் தாம்பத்தியம் போதாதா? மறுநாள் அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவளுடைய பழுதுக் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். இருபது வருடம் பிழை திருத்தியவன். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது. ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: 'சிமென்ட் மேனேஜர் சார். வெள்ளை டயல், நகல். உள்ளே ஆறு அடி மெஷின், பல் தேய்ந்து நின்றுவிட்டது. மாற்ற வேண்டும் என்றேன், சரி என்றார். எட்டு அடி போட்டாயிற்று. அசலா என்று கேட்கவில்லை.'

இரண்டு முறை படித்தேன். அந்தக் காது ஆறு வருடமாக அசலின் சத்தம் என்று கேட்டுப் பழகியது எங்கள் இழுப்பறையிலிருந்து போன மெஷினின் சத்தத்தை!

நிமிர்ந்து பார்த்தால் அவள் தடுப்புக்கு வெளியே நிற்கிறாள்.

"படிச்சாச்சா?"

"தானாக் கண்ணுல பட்டுது."

"பூட்டின இழுப்பறைக்குள்ளேர்ந்து பட்டுதா? பாருங்க, வெளியில ஒரு வார்த்தை போச்சுன்னா நாளையிலேர்ந்து நீங்க வீட்டுல உட்காரலாம். அந்த மனுஷன் முதலாளி கட்டிவிட்டதுன்னு கண்ணு கலங்கிச் சொன்னாரு. எப்படிங்க சொல்றது?"

சத்தியம் செய்தேன். ஆனால் அந்த ரகசியத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் பட்ட பாடு, வாய்க்குள் சுடுதண்ணீரை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி இருந்தது. கடைசியில் வேறு வழியில் இறங்கினேன். என் வாட்சிலும் எட்டு அடி மெஷினைப் போட்டுக் கொடு என்று நச்சரித்தேன். கெஞ்சினேன். பாத்திரம் கழுவினேன். நாலாம் நாள் அவள் சாமணத்தைக் கையில் எடுத்தாள்.

"உங்களுக்காக இல்ல. அந்தக் காது என்ன சொல்லுதுன்னு கேக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு" என்றாள், உதட்டோரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒரு முழுக் காலை போயிற்று. புது மெஷினாயிற்றே என்று அப்படியே தூக்கிப் பொருத்திவிடவில்லை. முதலில் பிரித்துக் கழுவினாள், அளந்து எண்ணெய் வைத்தாள். நாடிப்பெட்டி என்று அவள் சொல்கிற கருவியின் மேல் வைத்து, அதன் துடிப்பு திரையில் நேர்கோடாக ஓடும்வரை திருத்தினாள். பிறகு டயல், முள், தேதி. போன தடவை பார்த்த வாட்ச்தான் என்று யாருக்கும் தெரியாதபடி, நான் ஒரு பழுப்புப் பட்டையை மாட்டி அதன் தோற்றத்தையே மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காது அதை வாங்கிக் கண்ணை மூடினார். நாலு விநாடிக்குப் பதில் எட்டு விநாடி கேட்டார். முகம் மலர்ந்தது.

"ஆஹா! இதுதாங்க வாட்ச்! என்னுதை அப்படியே கேக்கற மாதிரி இருக்கு. போன தடவை ஏமாந்தீங்க, இந்தத் தடவை பிடிச்சுட்டீங்க!" சங்கத்தின் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே 'அசல்' என்று அவரே எழுதினார். எனக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்து முட்டியது. இருமி அடக்கினேன்.

அன்றைக்குத்தான் ஒரு பெண்மணி முதல்முறையாகச் சங்கத்துக்கு வந்திருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். கைக்குட்டையில் சுற்றி ஒரு பழைய, மெல்லிய வாட்ச் கொண்டுவந்திருந்தார். டயல் பழுத்த இலையின் நிறத்தில் இருந்தது, அதிலும் ஒரு பெரிய பெயர்.

"எங்க அப்பாவோடது. கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு. ஒரு கேப்டன்கிட்ட வாங்கினதாச் சொல்லுவாரு. போன வருஷம் அப்பா தவறிட்டாரு. இதைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

காது கேட்டார். புருவம் நெளிந்தது.

"அஞ்சு! ஆறுகூட இல்லம்மா, அஞ்சு! இது நகல்லயே மட்டமான நகல். கப்பல் சமையல்காரருக்கு இந்தப் பேருள்ள வாட்ச் எப்படி வரும், நீங்களே சொல்லுங்க. துறைமுகத்துல எவனோ தலையில கட்டிட்டான்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. பேசினால் அடுத்து நம் வாட்சைக் கேட்பாரோ என்று ஆளாளுக்குப் பயம். டீச்சர் வாட்சை வாங்கிக் கைக்குட்டையில் மறுபடி சுற்றினார். "சரிங்க" என்று ஒரு வார்த்தை. தேநீர் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

என் கையில் இருந்த நகலுக்கு முடிசூட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனக்கு அதைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை. வாயையும் திறக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாக இல்லை.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றது அந்த டீச்சர்தான். நான் பட்டைகள் தொங்குகிற ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பட்டைகள் என்னை மறைக்கிற அகலத்தில் இல்லை.

"நீங்க நேத்து அங்க இருந்தீங்கல்ல? அசல்காரர்!" என்றார். பிறகு என் வீட்டுக்காரியிடம் திரும்பினார். "அக்கா, இதைத் திறந்து பார்த்துச் சொல்லுங்க. பொய்யோ நெசமோ, உள்ளதைச் சொன்னாப் போதும். எங்க அப்பா ஏமாந்தாருன்னா ஏமாந்தாருன்னு இருந்துட்டுப் போறேன்."

அவள் பின்மூடியைத் திறந்தாள். லென்ஸை வைத்துக் குனிந்தவள் வெகு நேரம் நிமிரவில்லை. பிறகு டீச்சரை உள்ளே அழைத்து, தன் நாற்காலியிலேயே உட்காரவைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தாள்.

"இந்தத் தகடோட ஓரத்தைப் பாருங்க. யாரும் பார்க்காத இடம். அங்கயும் சீவி மெருகு போட்டிருக்காங்க. நகல் பண்றவன் இதுக்கு மெனக்கெட மாட்டான். இப்ப மூடியோட உள்பக்கம் பாருங்க, ஊசியால கீறின எழுத்து. ரிப்பேர் பண்ணினவங்க போட்டுவெச்ச தேதி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாஷை. உங்க அப்பா போன துறைமுகத்துல எல்லாம் இதைக் கழுவி எண்ணெய் போட்டு வெச்சிருக்காரு. அசல்தான் டீச்சர். சுத்தமான அசல்."

டீச்சர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. லென்ஸுக்குள் ஈரம் கட்டிய பிறகுதான் எடுத்தார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக் கொடுத்தார்.

"அப்ப அஞ்சுன்னாரே?"

"அந்தக் காலத்து நல்ல வாட்சுங்க நிறைய அஞ்சுதான் அடிக்கும். எட்டெல்லாம் பின்னால வந்த வேகம்."

"அப்ப இவரோடது எட்டு அடிச்சுதே, அது?" என்று என்னைக் காட்டினார்.

"சொந்தக்காரர் எதுக்க நிக்கறாரு. கேளுங்க."

கேட்டார். சொன்னேன். ஆறு, எட்டு, பழுப்புப் பட்டை, பாத்திரம் கழுவியது உட்பட எல்லாம். திட்டுவார் என்று பார்த்தால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"அந்தத் தலைவரோட வாட்சும் இவரோடதும் ஒரே சத்தம்னாரே, அது எப்படிக்கா?"

என் வீட்டுக்காரி எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைச் சரிசெய்தாள். "அவர் வாட்சைப் பத்தி அவர் கேட்டாத்தான் நான் சொல்லுவேன்."

"ஓ" என்றார் டீச்சர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதிரே வரப்போவதை முன்கூட்டியே பார்த்துப் பிரேக் மிதிக்கிறவர் அல்லவா. அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்ப அவரையே கேக்க வெச்சுடலாம். ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்கக்கா. அந்தப் பெட்டியையும் எடுத்துக்கிட்டு."

சங்கத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவள் அந்த ஞாயிறு காய்கறிப் பைக்குள் நாடிப்பெட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வழியெல்லாம், "நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

டீச்சர் முன்வரிசைச் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "சார், இவங்க ஒரு கருவி கொண்டுவந்திருக்காங்க. என் வாட்சை அதுல ஒரு தடவை வெச்சுப் பார்த்துடலாமா? முதல்ல உங்களோடதை வெச்சா எங்களுக்கும் ஒரு அளவு கிடைக்கும்" என்றார் பவ்வியமாக.

காதுக்குப் பெருமை தாங்கவில்லை. வாட்சைக் கழற்றிக் கொடுத்தார். பெட்டியில் வைத்ததும் திரையில் கோடு ஓடியது. எட்டு அடி, வளைவு நெளிவில்லாத கோடு. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று சோபா சோபாவாகத் திரும்பினார். அடுத்து டீச்சருடையதை வைத்தார்கள். ஐந்து அடி. அந்தக் கோடும் நூல் பிடித்த மாதிரி ஓடியது.

"இத்தனை வயசுக்கு இவ்வளவு சீரா ஓடுதுன்னா உள்ள இருக்கறது சாமான்யமான மெஷின் இல்ல சார்" என்றாள் என் வீட்டுக்காரி. "பழைய அசல் நிறைய அஞ்சுதான் அடிக்கும். இதைத் திறந்தும் பார்த்துட்டேன். எழுதிக்கூடத் தர்றேன்."

மாடியில் சலசலப்பு. காதின் முகம் சிவந்தது. "அப்ப சத்தத்தை வெச்சுச் சொல்ல முடியாதுங்கறீங்களா? வேற எப்படித்தான் அசல்னு கண்டுபிடிப்பீங்க?"

"திறந்துதான் சார்."

"சரி, திறங்க! அவங்களோடதையும் திறங்க, என்னுதையும் திறங்க. எல்லாரும் பார்க்கட்டும்!"

அவர் தன் வாட்சை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"உங்களோடது இங்க வேணாம் சார். நாளைக்குக் கடைக்கு வாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். காது நீட்டிய கையோடு அப்படியே நின்றார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது நான் உட்கார்ந்திருந்த கடைசிச் சோபாவரை தெரிந்தது. இத்தனை நாள் இந்தக் காட்சியைத்தானே எதிர்பார்த்தாய், இப்போது சிரி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அவர் வாட்சை மறுபடி கட்டிக்கொண்டார். பக்கிளை மாட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"உங்க அப்பாவைப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. வாட்சு எதுவா இருந்திருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது."

டீச்சர் எழுந்து நின்றார். "டீ குடிங்க சார், ஆறிடும்" என்றார்.

திங்கட்கிழமை காது கடைக்கு வந்தபோது என் வீட்டுக்காரி என்னை ஒரு தாளைக் கொடுத்து ஜெராக்ஸ் எடுக்க அனுப்பினாள். அது போன வருடத்து மின்கட்டண ரசீது. ஜெராக்ஸ் கடைக்கும் எங்கள் கடைக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான் என்பதை அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை.

"இப்ப கேக்கறேம்மா. என்னுது அசலா?"

"இல்ல சார்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து எதையோ எடுத்தாள். கழற்றிய மெஷின் எதையும் அவள் தூக்கிப் போடுவதில்லை. காகித உறையில் போட்டு வைத்திருப்பாள். "இதுதான் முதல்ல உள்ள இருந்தது."

"இந்த வாட்சை வாங்கினது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் அவர். "நான்தாம்மா. ரிடையர் ஆகறவங்களுக்கு நல்ல வாட்ச் கொடுக்கணும்னு முதலாளி ஆசைப்பட்டாரு. நான்தான் கொள்முதல். அசல் எதுக்கு, நகல் வாங்கினாப் போதும், லாரி ஓட்டறவனுக்கும் மூட்டை எண்றவனுக்கும் என்ன தெரியப் போகுதுன்னு சொன்னேன். பதினஞ்சு வாங்கி அலமாரியில அடுக்கினேன். எனக்கு முன்னால பதினாலு பேர் ரிடையர் ஆனாங்க. எனக்கு மட்டும் அசல் வாங்கியிருப்பாருன்னு நினைச்சேன்."

பதினாலு போக மிச்சம் ஒன்று. பலகைக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கை போதவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"பலகைக்குப் பின்னால நின்னு சிரிக்கற அசல்காரர் உள்ள வந்து சிரிக்கலாம்" என்றது காதின் குரல்.

போனேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஜெராக்ஸ் எடுக்காத ரசீதோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். உதடு துடித்தது. அடுத்த விநாடி அவரும் சிரிக்க ஆரம்பித்தார். மூன்று பேருமாகச் சிரித்து ஓய்ந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பதினாலும் இப்ப ஓடுமா?"

"எப்பவோ நின்னிருக்கும் சார். அந்த மெஷினோட ஆயுசு அவ்வளவுதான்."

"எல்லாத்தையும் கொண்டு வர்றேன். நல்லதாப் போட்டுக் கொடுங்க. என் பொறுப்பு."

"கொண்டாங்க. ஆனா அவங்க என்ன ஏதுன்னு கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

"கேக்கற வரைக்கும் எதுக்கு? நானே சொல்லிடறேன்."

பதினாலு பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். ஒருவர் மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். மீதிப் பதினோரு பேரையும் அவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, ஒரு புதன்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்குள் இடம் போதாமல் எங்கள் கடையும் ஜெராக்ஸ் கடையும் இருக்கிற மாடிக்கு ஏறும் படியெல்லாம் உட்கார்ந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் தன் வாடிக்கையாளர்கள் ஏற முடியவில்லை என்று முனகினார்.

காது நடுப்படியில் நின்று தொண்டையைச் செருமினார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். நகல் என்றும், தானே வாங்கியது என்றும், அன்றைக்கு என்ன சொல்லி வாங்கினார் என்றும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

பிறகு மேல்படியில் இருந்த, கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் கையை உயர்த்தினார்.

"சார், எனக்கு மூணாவது நாளே விநாடி முள்ளு கழண்டு கண்ணாடிக்குள்ள உருண்டுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கே தெரியும்."

"எனக்குக் கையில வாங்கினப்பவே தெரியும்" என்றார் எடைமேடைக்காரர். "முப்பது வருஷம் எடை போட்டவன். இவ்வளவு பெரிய பேருக்கு இவ்வளவுதான் கனமான்னு நினைச்சேன்."

"எல்லாருக்கும் தெரியுமா?" காது படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ஏன்யா ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா அதையும் திருப்பி வாங்கிட்டு அனுப்பிடுவீங்களோன்னுதான்."

"உங்களோடதும் அதே அலமாரியிலேர்ந்துதான்னு அன்னிக்கே சேதி வந்துடுச்சு சார்" என்றார் கிரேன்காரர், கொஞ்சம் தயங்கி. "நாங்க பழைய ஆளுங்க எல்லாம் விழாவுக்கு வந்திருந்தோமில்ல. நீங்க மேடையில கண்ணைத் துடைச்சீங்க. பின்வரிசையில நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். தப்பா எடுத்துக்காதீங்க."

காது தலையில் கைவைத்துக்கொண்டார். எடைமேடைக்காரர் நகர்ந்து வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். தட்டிய கையே சிரிப்பில் குலுங்கியது.

என் வீட்டுக்காரி இரண்டு பாக்கெட்டுகளையும் தூக்கிக் காட்டி, "ஆறு வேணுமா, எட்டு வேணுமா? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க" என்று கேட்டாள். படிக்கட்டில் பெரிய விவாதமே மூண்டுவிட்டது. கிரேன்காரர் எட்டுக்குக் குறைந்து ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றார். லாரி ஓட்டியவர் தனக்கு ஆறுதான் சரி, இனி என்ன அவசரம் என்றார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கீழ்ப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார் கேன்டீனில் வேலை பார்த்த அம்மா. அவர் முறை வந்தபோது கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"எனக்கு மெஷினெல்லாம் வேணாம்மா. அதைக் காலண்டருக்கு மேல ஆணியில மாட்டியிருக்கேன். காத்துல காலண்டர் பறக்காம கனமா நிக்குது, அது போதும். பட்டைதான் இத்துப் போச்சு." என் பக்கம் திரும்பினார். "தம்பி, சிவப்புல நல்லதா ஒண்ணு இருக்கா?"

ஸ்டாண்டிலிருந்து ஏழெட்டு எடுத்துக்கொண்டுபோய்ப் படியில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார்.